விடுமுறையில் தைத்த புத்தகம்



பாடசாலை விடுமுறை கிட்டும்போதெல்லாம் தாய்மார் என்னிடம் கொண்டு வரும் முறைப்பாடு ஒன்றே. "லீவு விட்டா வீடு ரெண்டுபடுது ஹஸ்ரத். ஒருத்தன் போனை விட மாட்டான், மற்றவ படுக்கையை விட மாட்டா, சின்னது எந்த நேரமும் அழுகை. என்னதான் செய்யிற?" முன்பெல்லாம் இதற்கு என் பதில் ஆயத்தமாக இருக்கும். நேரசூசி போடுங்கள், ஓதல் இத்தனை மணி, பாடம் இத்தனை மணி, உறக்கம் இத்தனை மணி என்று ஒரு கடதாசியில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள் என்பேன்.

நேரசூசி தவறென்று நான் இப்போதும் சொல்ல மாட்டேன். ஆனால் என் வீட்டுச் சுவரில் ஒட்டிய நேரசூசிகள் எத்தனை நாள் நின்றன என்பது என் வீட்டாருக்குத் தெரியும். மூன்றாம் நாள் அதன் மூலை கழன்றிருக்கும். ஐந்தாம் நாள் அதன் பின்பக்கத்தில் யாராவது படம் கீறியிருப்பார்கள். ஆகவே இம்மாதம் உங்களுக்கு உபதேசம் எழுதப் போவதில்லை. 2022 ஆம் ஆண்டின் கோடையில் என் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். அதில் என் தவறுகளும் உண்டு. அவற்றையும் மறைக்காமல் சொல்வதே உங்களுக்குப் பயன் தரும் என்று எண்ணுகிறேன்.

விடுமுறையாகிப் போன நாட்கள்

அவ்வாண்டை எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச் மாத முடிவில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு. கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. காஸ் சிலிண்டருக்கும் மண்ணெண்ணெய்க்கும் பெண்கள் கைக்குழந்தையோடு வரிசையில் நின்றார்கள். எரிபொருள் இல்லாததால் ஜூலை மாதத்தில் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன. அதை விடுமுறை என்று சொல்ல முடியாது. ஆனாலும் பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள்.

நாங்கள் புத்தளத்தில் இருக்கிறோம். ஜூலை மாதத்தில் எங்கள் ஊரில் மழை இல்லை. உப்பளப் பக்கமிருந்து வெயிலும் காற்றும் சேர்ந்து முகத்தில் அறையும். தெருவில் திரியும் கழுதைகள்கூட மதில் நிழலைத் தேடி ஒதுங்கி நிற்கும். வீட்டில் நாங்கள் ஆறு பேர். என் உம்மா, என் மனைவி, நான், பிள்ளைகள் மூவர். மூத்த மகள் பத்தாம் ஆண்டு. நடுவிலான் பன்னிரண்டு வயது. கடைக்குட்டிக்கு எட்டு வயது. போனுக்குச் சார்ஜ் இல்லை, ரியூசன் வகுப்பு இல்லை, சைக்கிளைத் தவிர வேறு வாகனம் இல்லை.

முதல் வாரம் வீடு உண்மையிலேயே ரெண்டுபட்டது. இரண்டாம் வாரம் கடைக்குட்டி ஓர் அப்பியாசக் கொப்பி கேட்டாள், படம் கீறுவதற்கு. கடையில் அதன் விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன். அதைக் கண்ட என் மனைவி ஒன்றும் பேசாமல் எழுந்து போய்ப் பிள்ளைகளின் பழைய கொப்பிகள் அடங்கிய பெட்டியை இறக்கினார். ஒவ்வொரு கொப்பியின் பின்புறத்திலும் எழுதாத தாள்கள் இருந்தன. சிலவற்றில் ஐந்து, சிலவற்றில் இருபது. அவற்றைப் பிரித்தெடுத்து அடுக்கிப் பார்த்தால் நூற்றைம்பது தாளுக்கு மேல் வந்தது.

எங்கள் வீட்டில் காலால் மிதிக்கும் தையல் மெஷின் ஒன்று உண்டு. மின்வெட்டு அதற்கு ஒரு பொருட்டே அல்ல. தாள்களை நடுவால் மடித்து, தடித்த நூல் போட்டு மடிப்பின் மேல் ஒரு தையல் ஓட்டினார். பழைய கலண்டர் மட்டை அட்டையாயிற்று. அதன் மேல் சட்டைத் துணியின் மிச்சத் துண்டை வடித்த கஞ்சியால் ஒட்டி வெயிலில் வைத்தார். மாலையில் பார்த்தால் கடையில் வாங்கிய கொப்பியைவிட அழகான ஒரு புத்தகம் மேசையில் கிடந்தது.

"இதுல படம் மட்டும் கீறினா வீண்" என்றாள் மூத்த மகள். "எல்லாரும் எழுதுவம். வீட்டுப் புத்தகமா செய்வம்." ஆளுக்கு நான்கு பக்கம் என்று முடிவாயிற்று. அதற்கு "எங்கட வீடு" என்று கடைக்குட்டி பெயர் வைத்தாள்.

சிவப்புப் பேனை

சகோதரிகளே, இங்கேதான் என் முதலாவது தவறு.

நான் தொழிலால் ஆசிரியன். இருபது வருடமாகப் பிள்ளைகளின் எழுத்தில் பிழை தேடியே பழகிய கண் இது. மகன் முதலில் எழுதினான், பக்கத்து வீட்டு ஆட்டைப் பற்றி. நான் அதை வாங்கி வாசித்தேன். வாசிக்கும்போதே கை சட்டைப்பைக்குப் போயிற்று. ரகர றகரப் பிழைகள், ஒற்றுப் பிழைகள் என்று பதினான்கு இடத்தில் சிவப்பு வட்டம் போட்டுக் கொடுத்தேன். ஆட்டைப் பற்றி அவன் என்ன சொல்லியிருந்தான் என்பது அன்றைக்கு என் மனதில் பதியவேயில்லை.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த இரண்டு நாள் மேசைப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் மூத்தவள் என் முன்னால் வந்து நின்றாள். "வாப்பா, ஒரு சட்டம் போட்டிருக்கம். இந்தப் புத்தகத்தில ஒருத்தர்ட பக்கத்தை மத்தவர் திருத்தக் கூடா. கேட்டா மட்டும் சொல்லலாம்." எனக்குக் கோபம் வந்தது. பிள்ளை தகப்பனுக்குச் சட்டம் போடுவதா? ஆனால் மனைவி அடுப்படியிலிருந்து, "நல்ல சட்டம்தானே" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

பின்னர் அமர்ந்து சிந்தித்தேன். நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா ரலியல்லாஹு அன்ஹா அவர்களிடம் கேட்கப்பட்டபோது, வீட்டாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் எழுந்து செல்வார்கள் என்ற கருத்தில் பதில் சொன்னதை நான் எத்தனை ஜும்ஆவில் எடுத்துச் சொல்லியிருப்பேன்! வீட்டு வேலையில் கூட இருப்பது வேறு, வீட்டாருக்கு மேற்பார்வையாளராக நிற்பது வேறு. நான் இரண்டாவதைச் செய்துகொண்டு முதலாவதைப் பிரசங்கம் செய்திருக்கிறேன்.

உம்மாவின் நான்கு பக்கம்

ஆறு பேரில் ஐந்து பேருக்குப் பக்கம் பிரித்தாயிற்று. உம்மா வழமை போல் மூலையில் தஸ்பீஹோடு அமர்ந்திருந்தார். "வாப்பும்மாட பக்கம் எங்க?" என்று கேட்டாள் சின்னவள். நான்தான் பதில் சொன்னேன்: "வாப்பும்மாவுக்கு எழுதத் தெரியா மகள். அவ சொல்லட்டும், நீங்க எழுதுங்க."

உம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் சுபஹுத் தொழுகைக்குப் பின் சின்னவள் நான்கு தாள்களை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். "வாப்பா, வாப்பும்மா குர்ஆன் எழுதியிருக்காங்க!" வாங்கிப் பார்த்தேன். பென்சிலால், வலமிருந்து இடமாக, அறபு எழுத்து. ஆனால் வாசித்தபோது வந்தது தமிழ்.

அது அறபுத் தமிழ். இன்றைய பிள்ளைகளுக்காக அதைச் சற்று விளக்க வேண்டும். அறபு எழுத்துக்களைக் கொண்டு தமிழ் மொழியை எழுதும் முறை அது. அறபியில் 28 எழுத்துக்கள். தமிழிலுள்ள ங, ஞ, ட, ண, ப முதலான ஒலிகளுக்கு அவற்றில் எழுத்தில்லை. எனவே நம் முன்னோர்கள் இருக்கின்ற எழுத்துக்களுக்கே புள்ளிகளைக் கூட்டிப் புதிய எழுத்துக்களை ஆக்கிக்கொண்டார்கள். 'ஃபா' எழுத்தின் கீழே ஒரு புள்ளி இட்டால் 'ப'. அறபியில் இல்லாத எகர ஒகர ஒலிகளுக்கும் தனிக் குறிகள் செய்தார்கள். தென்னிந்தியக் கரையோர ஊர்களிலும் இலங்கையிலும் மார்க்கச் சட்டங்கள், பாமாலைகள், மருத்துவக் குறிப்புகள், குடும்பக் கடிதங்கள் எல்லாம் இவ்வெழுத்தில் இருந்தன. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) அவர்கள் இவ்வெழுத்தில் நூல்கள் இயற்றியவர்களில் முக்கியமானவர். பாடசாலை வாசலை மிதிக்காத எத்தனையோ பெண்கள் ஓதற்பள்ளியில் கற்ற அறபு எழுத்தை வைத்துக்கொண்டே தம் தாய்மொழியை எழுதினார்கள், வாசித்தார்கள்.

என் உம்மாவும் அப்படியொரு பெண். சிறு வயதில் அவர் மடியில் படுத்திருந்து மாலைகள் வாசிக்கக் கேட்டவன் நான். ஆகவே எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. தெரியும், ஆனால் அதை ஓர் எழுத்தறிவாக நான் என்றைக்கும் கணக்கிலெடுக்கவில்லை. நிவாரணப் படிவம், வாக்காளர் படிவம், வங்கிப் படிவம் என்று எத்தனை படிவங்களில் உம்மாவின் பெயரால் "எழுத வாசிக்கத் தெரியாது" என்று என் கையாலேயே எழுதி, அவர் கட்டைவிரலைப் பிடித்து மையில் ஒற்றியிருப்பேன்! ஏழு வருடம் அறபுக் கல்லூரியில் ஓதி வந்த மகன், அறபு எழுத்தில் எழுதத் தெரிந்த தாயை எழுத்தறியாதவர் என்று முப்பது வருடம் பதிந்து வந்திருக்கிறேன். அல்லாஹ் என்னை மன்னிக்க வேண்டும்.

"நீங்க ஏன் உம்மா ஒருக்காலாவது சொல்லல்ல?" என்று கேட்டேன்.

"நீ கேக்கல்லையே மகன்" என்றார். அவ்வளவுதான்.

அடுப்பில் இருந்த சோறு

அந்த நான்கு பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்று சொல்ல வேண்டும்.

நாங்கள் யாழ்ப்பாணம் சோனகத் தெருவைச் சேர்ந்தவர்கள். 1990 ஒக்டோபர் மாதத்தில் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரும் தம் மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் அது ஒக்டோபர் 30 ஆம் திகதி, ஒரு செவ்வாய்க்கிழமை. ஒலிபெருக்கியில் அறிவித்து ஜின்னா மைதானத்துக்கு வரச் செய்து, இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேற வேண்டும் என்றார்கள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

புத்தளத்துக்கு வந்த பின் உம்மா அந்நாளைப் பற்றிப் பேசியதேயில்லை. வாப்பா மௌத்தாகும் வரை அவரும் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை. புண்ணைத் தொடாமல் இருப்பதே மரியாதை என்று நினைத்திருந்தோம்.

உம்மா எழுதியது அந்நாளின் கதையை அல்ல, தெருவிலிருந்த வீடுகளை. ஐந்து சந்திப் பக்கமிருந்து தொடங்கி, வீடு வீடாக, ஒவ்வொரு வீட்டிலும் இருந்த பெண்ணின் பெயர், அவர் கைப்பட்டது எது என்று. ஒருவர் தொப்பி தைப்பவர். ஒருவர் நோன்புக் கஞ்சிக்குப் பெயர் போனவர். ஒருவர் பிள்ளைப்பேற்றுக்குக் கூப்பிட்டால் நடுச்சாமத்திலும் வருபவர். இருபத்தேழு வீடுகள். இருபத்தெட்டாவது எங்கள் வீடு. அதில் இரண்டே வரிகள் இருந்தன. அடுப்பில் பகல் சோறு இருந்தது. நெருப்பை அணைத்துவிட்டுத்தான் வந்தேன்.

அதை நான் சத்தமாக வாசித்தேன். வாசித்து முடித்தபோது அடுப்படியில் என் மனைவி கையிலிருந்த அகப்பையோடு நின்றுகொண்டிருந்தார்.

அன்று மாலை அவர் தன் பக்கங்களை எழுதினார். மரவள்ளிக் கிழங்கில் ஏழு வகைச் சமையல் எழுதுவதாகத்தான் முன்னர் சொல்லியிருந்தார். விலைவாசிக்கு அதுவே வீட்டின் பிரதான உணவாக இருந்த காலம். ஆனால் முதல் இரண்டு பக்கத்தில் வேறொன்று இருந்தது. அவர் புத்தளத்திலேயே பிறந்தவர். 1990 இல் அவருக்கு ஏழு வயது. லொறிகளில் வந்திறங்கிய மக்கள் பாடசாலையில் படுத்திருந்ததையும், தன் உம்மா வீட்டிலிருந்த பாய்களையெல்லாம் சுருட்டிக்கொண்டு போய்க் கொடுத்ததையும், பல நாட்கள் பெரிய சட்டியில் சோறாக்கியதையும், தான் தண்ணீர்க் குவளை சுமந்ததையும் எழுதியிருந்தார். பத்தொன்பது வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கிறோம். இது எனக்குத் தெரியாது. நானும் கேட்டதில்லை.

ஒரு வீட்டில் அடுப்பில் விட்டு வந்த சோறும், இன்னொரு வீட்டில் வந்தவர்களுக்காக ஏற்றிய சோறும் ஒரே புத்தகத்தில் அடுத்தடுத்த பக்கத்தில் வந்து சேர்ந்தன.

கை வேலையில் இருக்கையில்

அதன் பின் புத்தகம் பெருகத் தொடங்கிற்று. உம்மாவின் இருபத்தெட்டு வீடுகளையும் தெருவாகக் கீற வேண்டும் என்று மகன் முடிவு செய்தான். நான்கு கலண்டர் தாள்களை ஒட்டி நிலத்தில் விரித்தார்கள். உம்மா நாற்காலியை விட்டுத் தரையில் வந்து அமர்ந்தார். "கிணறு அங்க இல்ல, இஞ்சால" என்பார். "அந்த மதில்ல ஒரு ஓட்டை இருந்த, அதால நாங்க கறி மாத்திக்கொள்ளுவம்" என்பார். ஒஸ்மானியாக் கல்லூரியும் ஜின்னா மைதானமும் எந்தப் பக்கம் என்பதில் எனக்கும் அவருக்கும் வாக்குவாதம். சின்னவள் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிறத்தில் கதவு போட்டாள்.

இங்கே நான் கண்ட ஒன்றை உங்களுக்குச் சொல்கிறேன். முன்னால் அமர்ந்து, "வாப்பும்மா, அந்தக் கதையைச் சொல்லுங்க" என்று பிள்ளைகள் கேட்டபோதெல்லாம் உம்மா, "என்னத்தைச் சொல்லுற" என்று தஸ்பீஹை உருட்டினார். ஆனால் தாளுக்கு ஓரம் வெட்டும்போதும், நூல் கோக்கும்போதும், வீடுகளுக்குப் பெயர் சொல்லும்போதும் தானாகவே பேசினார். கை வேலையில் இருக்கையில் உள்ளத்தின் பூட்டு இளகுகிறது. முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை வேலையைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடிகிறது. வயதானவர்களுக்கு மட்டுமல்ல, பருவ வயதுப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். கணித பாடத்தில் தனக்குள்ள பயத்தை மூத்த மகள் தாயிடம் சொன்னது அட்டைக்குத் துணி ஒட்டும்போதுதான். முன்னர் நான் அழைத்து நிறுத்தி விசாரித்தபோதெல்லாம் "ஒண்டுமில்ல வாப்பா" என்றே சொன்னவள் அவள்.

அவளே இன்னொரு காரியத்தையும் செய்தாள். உம்மாவிடம் அறபுத் தமிழைக் கற்றாள். குர்ஆன் ஓதத் தெரிந்த பிள்ளைக்கு அது பெரிய வேலையல்ல. கூட்டிய புள்ளிகளையும் சில குறிகளையும் மட்டுமே புதிதாகப் படிக்க வேண்டும். பத்து நாளில் தட்டுத் தடுமாறி வாசித்தாள். ஒரு மாதத்தில் உம்மாவுக்குச் சின்னச் சின்னக் குறிப்புகள் எழுதி வைக்கத் தொடங்கினாள்: மருந்து இத்தனை மணிக்கு, தேநீர் மூடியிருக்கிறது என்று. பாட்டியும் பேத்தியும் எனக்குத் தெரியாமல் கடிதம் எழுதிக்கொள்கிறார்கள் என்று சின்னவள் முறையிட்டாள். அவளும் படிக்க இறங்கியது அதனால்தான்.

முடிக்காத பட்டம்

எல்லாருடைய பக்கமும் நிறைந்தது, என்னுடையதைத் தவிர. ஒழுக்க மாண்புகள் பற்றி எழுதலாம் என்று இரண்டு முறை தொடங்கினேன். மகன் பார்த்துவிட்டு, "வாப்பா, இது பயான்" என்றான். பிறகு கேட்டான், "என்ட வயசில நீங்க என்ன செய்த?"

என்ட வயசில. அவனுக்குப் பன்னிரண்டு.

நான் எழுதினேன். அந்த ஒக்டோபரில் பட்டம் ஒன்றுக்குச் சட்டம் கட்டி அறைச் சுவரில் கொழுவியிருந்தேன். மாரி மழை ஓய்ந்ததும் தாள் ஒட்டி ஏற்றுவதாக எண்ணம். மைதானத்துக்குப் புறப்படும்போது அதை எடுக்கப் போனேன். வாப்பா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். அன்று வாப்பா மேல் வந்த கோபம் அவர் மௌத்தான பின்னரும் என்னுள் எங்கோ கிடந்திருக்கிறது. எழுதும்போதுதான் அதைக் கண்டேன். இரண்டு மணி நேரத்தில் உம்மாவையும் நான்கு பிள்ளைகளையும் உயிரோடு கொண்டு சேர்க்க வேண்டிய மனிதருக்குப் பட்டமா கண்ணில் படும்? ஐந்து பேரையும் கொண்டு சேர்த்தார். அன்று மஃரிபுக்குப் பின் அவருக்காக நீண்ட நேரம் துஆக் கேட்டேன்.

மறுநாள் மகன் தென்னை ஈர்க்கோடு வந்து நின்றான். "இப்ப முடிப்பம் வாப்பா." பழைய பத்திரிகைத் தாள், சோற்றுப் பசை, சீலைக் கிழிசலில் வால். முச்சை கட்டியது நான். ஏற்றினோம், தலைகுத்தி விழுந்தது. மீண்டும் ஏற்றினோம்; மீண்டும் விழுந்தது. மூன்றாம் முறை கிழிந்தே போயிற்று. மகன் சிரித்தான். நானும் சிரித்தேன். தகப்பன் ஒரு காரியத்தில் தோற்பதை அவன் முதன்முறையாகக் கண்டான் என நினைக்கிறேன். முச்சையின் மேல் நூல் நீளமாகிவிட்டது என்று பிழையைக் கண்டுபிடித்தவனும் அவன்தான். ஆனால் கேட்கும் வரை சொல்லவில்லை. "சட்டம் இருக்கே வாப்பா, கேட்டா மட்டும்தானே சொல்லலாம்." கேட்டேன், சொன்னான், திருத்தினோம். அஸருக்குப் பின் உப்பளப் பக்கத்துக் காற்றில் அது மேலே போய் நின்றது.

அன்றிரவு அவன் தன் ஆட்டுக் கதையை எடுத்துக்கொண்டு வந்தான். "வாப்பா, இப்ப பிழையைச் சொல்லுங்க." இம்முறை நான் முதலில் கதையை வாசித்தேன். குட்டி செத்த பின்னும் தாய் ஆடு அது படுத்திருந்த இடத்தைச் சுற்றி வருவதை அவன் எழுதியிருந்தான். பதினான்கு வட்டத்தின் கீழே அது இருந்தது. நான் பார்க்கவில்லை.

உங்கள் வீட்டில்

சகோதரிகளே, எல்லா வீட்டிலும் எங்கள் கதை இருக்காது. ஆனால் ஏதோவொரு கதை இருக்கும். வரும் விடுமுறையில் நீங்களும் முயன்று பாருங்கள். எங்கள் அனுபவத்தில் பயன்பட்டவற்றைச் சொல்கிறேன்.

1. பெரிய செலவு செய்யாதீர்கள். பழைய கொப்பிகளின் மிச்சத் தாள், ஊசி, தடித்த நூல், கலண்டர் மட்டை போதும். மெஷின் இல்லாவிட்டால் மடிப்பில் மூன்று துளையிட்டுக் கையால் தைக்கலாம்.

2. வீட்டிலுள்ள ஒருவரையும் விட்டுவிடாதீர்கள். எழுதத் தெரியாதவர் என்று யாரையும் நீங்களாகத் தீர்மானிக்காதீர்கள். படம் கீறலாம், இலை ஒட்டலாம், சொல்லச் சொல்ல மற்றவர் எழுதலாம். எழுதப் பழகாத மழலை என்றால் உள்ளங்கையை மையில் தோய்த்து ஒற்றலாம்.

3. பிள்ளைகளுக்கு வேலையைக் கொடுத்துவிட்டு எழுந்து போகாதீர்கள். நீங்களும் உங்கள் பக்கத்தை எழுதுங்கள். கணவன்மாரையும் அமர்த்துங்கள். ஒரு நாளைக்கு அரை மணி நேரம் போதுமானது. அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரம் எங்களுக்கு வாய்ப்பாக இருந்தது.

4. கேட்காமல் திருத்தாதீர்கள். பரீட்சைக்குத் திருத்துவதற்கு வருடத்தில் மற்ற நாட்கள் இருக்கின்றன.

5. முதியவர்களிடம் துக்கமான நாளைக் கேட்டு நெருக்காதீர்கள். கிணறு எங்கே இருந்தது, பக்கத்து வீட்டில் யார் இருந்தார், பெருநாளைக்கு என்ன ஆக்குவீர்கள் என்று சிறியதைக் கேளுங்கள். பெரியது அவர்கள் விரும்பினால் வரும். வராவிட்டால் விட்டுவிடுங்கள்; அதுவும் அவர்களின் உரிமை.

6. பழைய பெட்டிகளில் அறபுத் தமிழ்க் கொப்பிகள், கடிதங்கள் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். குர்ஆன் தாள் என்று எண்ணி ஒதுக்கி வைக்குமுன், அது உங்கள் பாட்டியின் கையெழுத்தா என்று வாசித்துப் பாருங்கள்.

ஜூலைக் கடைசியில் பாடசாலைகள் திறந்தன. புத்தகம் முழுதாக நிறையவில்லை. எட்டுத் தாள் மிச்சம். அதன் பின் ஒவ்வொரு விடுமுறையிலும் ஒன்று தைக்கிறோம். இப்போது அலுமாரியில் அவை வரிசையாக இருக்கின்றன. என் மனைவி அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் தைத்துக் கொடுக்கிறார். மூத்த மகளுக்குக் கணிதம் இன்னும் கடினம்தான். ஆனால் அதை இப்போது மறைப்பதில்லை.

அவ்வாண்டு முடிவதற்குள் ஓர் அலுவலகத்துக்கு உம்மாவை அழைத்துப் போக நேர்ந்தது. படிவத்தை நிரப்பிக்கொடுத்தேன். அலுவலர் பழக்கப்படி மைப்பெட்டியை உம்மா பக்கம் தள்ளினார். மூத்த மகள் கூட வந்திருந்தாள். "வாப்பும்மா கையொப்பம் வைப்பாங்க" என்றாள். உம்மா பேனையை வாங்கி, வலப்பக்கத்திலிருந்து தொடங்கி, நிதானமாக, புள்ளிகள் எல்லாம் சரியாக இட்டுத் தன் பெயரை எழுதினார். அலுவலர் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு முத்திரையை ஒற்றினார்.

வீடு திரும்பும் வழியில் உம்மா ஒன்றும் பேசவில்லை. வாசலில் இறங்கும்போது மட்டும் சொன்னார்: "மகன், 'பே'க்குப் புள்ளி வச்சனான்தானே?"

"வச்சீங்க உம்மா" என்றேன்.

யா அல்லாஹ்! எங்கள் வீடுகளில் உள்ள முதியவர்களின் ஆயுளில் பரகத் செய்வாயாக. பிள்ளைகளோடு அமர்ந்திருக்கும் பொறுமையை எங்களுக்குத் தருவாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.